மஞ்சள் காரின் முன்மூடி

மகள் கல்யாணத்தன்று காலையில் லெஸ்டர் அந்த மூடியை எத்தனை தடவை அழுத்திப் பார்த்தார் என்பது அவருக்கே தெரியாது. உள்ளங்கையை விரித்து வைத்து, உடம்பு பாரத்தை முழுக்க இறக்கி அழுத்துவார். டக் என்று ஒரு சத்தம் வரும். பிறகு விளிம்பில் நகத்தைக் கொடுத்துத் தூக்கிப் பார்ப்பார். அசையாது. நல்ல பிள்ளை மாதிரி மூடிக் கிடக்கும். நாலு எட்டு நடந்து போவார், மனசு கேட்காது, திரும்பி வந்து மறுபடி அழுத்துவார்.

"கல்யாணப் பொண்ணு வீட்டுக்குள்ள இருக்கா. நீ இங்க யாரத் தடவிக்கிட்டு நிக்கிற?" சமையலறை ஜன்னல் வழியாக டோரீன் சத்தம் போட்டாள். தலையில் சுருட்டைக் குழாய்கள், வாயில் ஒரு ஹேர்பின்.

"தூசி துடைக்கிறேன்."

"துடை, துடை. உன் சின்ன வீட்டுக்குப் பொட்டு வச்சுப் பூவும் வச்சு விடு. பொண்டாட்டி கவுனுக்குப் பின்னாடி ஜிப்பு மாட்டிக்கிட்டு நிக்குது, அதுக்கு ஆளில்ல."

லெஸ்டர் சிரித்தது போல் வாயைக் காட்டினார். சிரிப்பு வரவில்லை.

அது இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார். பழுத்த வாழைப்பழ மஞ்சள். இன்ஜின் உட்காருபவர்களின் முதுகுக்குப் பின்னால் இருக்கும். மற்ற கார்களில் இன்ஜின் இருக்கிற இடத்தில், அதாவது முன்னால், பெட்டி வைக்கிற டிக்கி. அந்த டிக்கியின் மூடிதான் இரண்டு மாதமாக லெஸ்டரின் தூக்கத்தைத் தின்றுகொண்டிருந்தது.

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், டொலீடோ நகரைச் சுற்றியுள்ள சாலைகளில் பாதி, லெஸ்டரும் அவர் கூட்டாளிகளும் கான்கிரீட் ஊற்றிப் போட்டவை. ஈரக் கலவை மேல் பலகை போட்டு, முழங்காலில் ஊர்ந்து ஊர்ந்து சமன் செய்து, கடைசியில் இரண்டு முழங்காலையும் அந்தச் சாலைகளுக்கே கொடுத்துவிட்டுத்தான் வேலையிலிருந்து நின்றார். வாழ்நாளெல்லாம் அடுத்தவன் பறப்பதற்கு ரோடு போட்டாயிற்று, நாமும் ஒரு தரம் பறந்து பார்ப்போமே என்றுதான் அந்தக் காரை வாங்கினார். டோரீன் ஒரு வாரம் பேசவில்லை. "அது கார் இல்ல லெஸ்டர். உன் சவப்பெட்டி. கலர்தான் வேற" என்று மட்டும் சொன்னாள்.

மகள் கோரா மட்டும் குதித்தாள். வேட் என்கிற பையனோடு நிச்சயம் ஆன அன்றைக்கே அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "கல்யாணம் முடிஞ்சதும் நானும் வேடும் இதுலதான்பா மெக்கினா பாலத்தத் தாண்டுவோம்" என்றாள். "சாவி உன்னோடதுதான் கண்ணு" என்று லெஸ்டர் வாக்குக் கொடுத்தார். அது போன இலையுதிர் காலம். மூடி திறந்துகொண்டது இந்த ஏப்ரலில்.

அந்தப் பக்கத்தில் இப்படிப்பட்ட கார் வைத்திருப்பவர்கள் பனிக்காலம் முழுக்க அதைப் போர்த்தித் தூங்கவைப்பார்கள். ரோட்டில் தூவிய உப்பை வசந்த மழை நாலு தடவை கழுவிய பிறகுதான் வெளியே எடுப்பார்கள். லெஸ்டரும் அப்படித்தான் எடுத்தார். சனிக்கிழமை, வெயில் நன்றாக அடித்தது. நெடுஞ்சாலையில் எழுபது மைல் வேகம். கான்கிரீட்டின் இணைப்பு வரும் இடமெல்லாம் டுக் டுக் என்று டயர் தட்டிக்கொண்டு போனது. தான் ஊற்றிய சாலையின் சத்தம், அவருக்கு அது பாட்டு மாதிரி. திடீரென்று காருக்குள் டிங் என்று ஒரு மணி. என்னவென்று பார்ப்பதற்குள் வானம் போய்விட்டது. கண்ணுக்கு முன்னால் மஞ்சளாக ஒரு சுவர் எழுந்து நின்றது. அடுத்த நொடி அது பின்னால் வளைந்து கண்ணாடியில் அறைந்தது. கண்ணாடி முழுக்கச் சிலந்தி வலை.

பக்கத்து ஜன்னலில் தலையை நீட்டி, வெள்ளைக் கோட்டை மட்டும் பார்த்துக்கொண்டு எப்படியோ ஓரம் கட்டினார். கார்க் கதவைத் திறந்து, காலை வெளியே போட்டு உட்கார்ந்திருந்தார், நெடுநேரம். லாரிக்காரன் ஒருவன் ஹாரன் அடித்துக்கொண்டே போனான்.

வீட்டில், "லாரியிலிருந்து கல் தெறிச்சிடுச்சு" என்றார். டோரீன் சவப்பெட்டி என்று சொல்லியிருந்தாளே, அந்த வார்த்தைக்கு எதிரில் போய் எப்படி உண்மையைச் சொல்வது?

ஷோரூமில் சர்வீஸ் ஆள் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தான். மூன்று நாள் வைத்திருந்தான். "ஒண்ணும் தெரியல சார். ரிமோட் சாவி பேன்ட் பையில இருந்துச்சா? பொத்தான் அமுங்கியிருக்கும்."

"அமுங்கினா? ஓடுற வண்டியில மூடி திறக்கலாமா?"

"திறக்கக்கூடாது சார்."

"திறந்துச்சே. சரி, முதல் கொக்கி விட்டா ரெண்டாவது கொக்கி பிடிக்கணும்ல? அது ஏன் பிடிக்கல?"

"அதான் சார் எங்களுக்கும் தெரியல. எங்ககிட்ட நல்லாதான் மூடுது."

காரின் கம்ப்யூட்டரில் இருந்ததையெல்லாம் அழித்துப் புதிதாகப் போட்டுவிட்டேன், இனி வராது என்று சாவியைக் கொடுத்தான். லெஸ்டர் அதை நம்பப் பார்த்தார். பாதி நம்பினார். நம்பாத பாதிதான் ஒரு மத்தியானம் அவரைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தது. கார் பழுதைப் பற்றி மக்கள் புகார் எழுத வாஷிங்டனில் அரசாங்க அலுவலகம் ஒன்று இருக்கிறது. யார் எழுதினார் என்ற பெயர் வராது, எந்த மாநிலம் என்று மட்டும் வரும், ஊர் உலகமெல்லாம் படிக்கலாம். லெஸ்டர் ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தேடி அழுத்தினார். நாலே வரிதான். முதுகு வலித்துவிட்டது, ஒரு டிரக் கலவையைத் தனியாகச் சமன் செய்தது போல.

அடுத்த சனிக்கிழமை அந்த நாலு வரி அவருக்கு எதிரிலேயே வந்து நின்றது.

சனிக்கிழமைகளில் அந்த வகைக் கார் வைத்திருக்கும் கிழவர்கள் எல்லாரும் ஆற்றோரச் சாப்பாட்டுக் கடையில் கூடுவார்கள். முட்டை, வறுத்த உருளைக்கிழங்கு, குடிக்கக் குடிக்க நிரப்பும் காபி. கூட்டத்துக்குத் தலைவர் ஹார்லன். மரச்சாமான் கடை நடத்திக் கைமாற்றிவிட்டவர், தொண்டை மட்டும் இன்னும் கடையிலேயே இருப்பது போலப் பேசுவார். அந்த மேசையில் ஒரு வழக்கம் உண்டு. அந்த ஊரில் பழுதான காரை எலுமிச்சம்பழம் என்பார்கள். அதனால் மேசையில் யாராவது தன் காரைப் பற்றி ஒரு குறை சொன்னால், ஹார்லன் பையிலிருந்து ஒரு எலுமிச்சையை எடுத்து அவர் தட்டில் வைப்பார். தோலோடு கடிக்க வேண்டும். எல்லாரும் கைதட்டுவார்கள். மார்வ் ஒரு தடவை சீட்டு கிறீச்சிடுகிறது என்று சொல்லித் தொலைத்தார். அன்றிலிருந்து அவர் எலுமிச்சை மார்வ். பேரப்பிள்ளைகள் வரைக்கும் அந்தப் பெயர் போய்விட்டது.

ஹார்லன் போனைக் கையில் தூக்கிப் பிடித்து, நாடகம் போல வாசித்தார். "கேளுங்கப்பா. நம்ம ஒஹையோக்காரன் ஒருத்தன் அரசாங்கத்துக்கு எழுதியிருக்கான். 'மூடி தானே எழுந்தது. எனக்கு ரோடு தெரியவில்லை. இது சரியில்லை.' இது சரியில்லையாம்!"

"சாவி மேல உக்காந்திருப்பான்" என்றது ஒரு குரல்.

"குண்டிதான் பொத்தான அமுக்கியிருக்கு. புகார் மட்டும் கார் மேல."

மேசை குலுங்கியது. "இவன் யாருன்னு தெரிஞ்சா ஒரு கூடை எலுமிச்சை அனுப்புவேன்" என்றார் ஹார்லன். "இப்படி நாலு பேரு எழுதினா, நம்ம வண்டிய நாளைக்கு நாய் கூட மோந்து பாக்காது."

லெஸ்டர் உருளைக்கிழங்கில் தக்காளி சாஸை ஊற்றிக்கொண்டே இருந்தார். எதிரில் மார்வும் சிரிக்கவில்லை, தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அதை லெஸ்டர் பார்த்தார். பார்த்தும், எலுமிச்சைக்குப் பயப்படுகிற மனிதன் என்று நினைத்துக்கொண்டதோடு சரி.

கல்யாண நாள் நெருங்க நெருங்க அந்த மஞ்சள் சுவர் கண்ணை மூடினால் எழுந்து நின்றது. அதற்குப் பின்னால் இப்போது அவர் இல்லை, கோரா இருந்தாள். ஏரிக்கு மேலே நீளமாகப் போகிற மெக்கினா பாலம் வடக்கே அரை நாள் ஓட்டம். மேலே காற்று அடித்தால் லாரிகளையே தடுத்து நிறுத்துவார்கள். ஒரு நாள் துணிந்து, "கார்ல ஏதோ எண்ணெய் ஒழுகுது கண்ணு. அம்மா காரை எடுத்துக்கிட்டுப் போங்களேன்" என்று ஆரம்பித்தார். கோராவின் முகம் ஒரு நொடியில் விழுந்துபோனது. "சரிப்பா, பரவால்ல" என்றாள். அந்தப் பரவாயில்லையைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. "இல்ல, இல்ல, நான் சரி பண்ணிடுறேன்" என்று வாய் தானே சொல்லிவிட்டது.

அதனால்தான், கல்யாணக் காலையில் அழுத்தி அழுத்திப் பார்த்தும் மனசு ஆறாமல், ஒரு பட்டை. லாரியில் சரக்கை இறுக்கிக் கட்டுகிற அகலப் பட்டை, இழுக்க இழுக்க இறுகும் பல்சக்கரம் வைத்தது. அதை மூடியின் மேல் குறுக்கே போட்டு, இரண்டு பக்கமும் அடியில் கொக்கி மாட்டி, இறுக்கினார். மேலே வெள்ளை ரிப்பனைச் சுற்றினார். மூடி இனித் திறந்தாலும் அரை அங்குலத்துக்கு மேல் எழாது. மாப்பிள்ளை வேடைத் தனியாகக் கூப்பிட்டு, "இந்தப் பட்டைய அவுக்காத. பாலத்தத் தாண்டிப் போய்ச் சேர்ற வரைக்கும் அவுக்கக்கூடாது. எங்க குடும்ப வழக்கம்" என்றார்.

வேட் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். நெட்டையாக, அடக்கமாக இருப்பான். "சரிங்க சார். பெட்டிய எங்க வைக்கிறது?"

"கோரா மடியில வச்சுக்கட்டும்."

அவன் அதையும் நம்பினான்.

மாதா கோயிலில் எல்லாம் நல்லபடியாக நடந்தது. கோராவின் கையைப் பிடித்து நடத்திப் போனபோது அவள் விரல் சில்லென்று இருந்தது. தன் விரல் அதைவிடச் சில்லென்று இருந்தது அவருக்குத் தெரியும். மத்தியானம் கோயில் மண்டபத்தில் விருந்து. வறுத்த கோழி, போலந்துக்காரச் சாசேஜ், குழாய் மக்ரோனி, ஒரு நீள மேசை முழுக்கச் சொந்தக்காரப் பெண்கள் சுட்டுக் கொண்டுவந்த பிஸ்கட். அத்தைமார் ஒவ்வொருவராக லெஸ்டரை ஆடக் கூப்பிட்டார்கள். முழங்கால் வலிக்க ஆடினார். ஆடிக்கொண்டே கதவு வழியாக வாகன நிறுத்தத்தைப் பார்த்தார். வெள்ளை ரிப்பன் தெரிந்தது. பரவாயில்லை.

ஹார்லனும் கூட்டமும் தங்கள் கார்களோடு வந்திருந்தார்கள், மணமக்களை நெடுஞ்சாலை வரைக்கும் ஊர்வலமாகக் கொண்டுபோய் விடுவதற்கு. முதலில் ஆற்றோரப் பூங்காவில் போட்டோ, அப்புறம் நெடுஞ்சாலை. ஆளுக்கொரு வாக்கி டாக்கி வைத்திருந்தார்கள். மணமக்களுக்கு மட்டும் கொடுக்கவில்லை. "சின்னஞ்சிறுசுங்க பேசிட்டுப் போகட்டும். அதுல நம்ம தொண்டை எதுக்கு" என்றார் ஹார்லன்.

வழியனுப்பும் நேரத்தில் டோரீனின் பெரியம்மா மகளுக்குத் தலை சுற்றியது. அவளைத் தாங்கி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு லெஸ்டர் நிமிர்ந்தபோது, வெளியே ஹாரன்களும், வழக்கப்படி மணமக்கள் காரின் பின்னால் கட்டிவிட்ட தகர டப்பாக்கள் இழுபடும் சத்தமும் தெருவைக் கடந்து போய்க்கொண்டிருந்தன. போகட்டும், பட்டைதான் இருக்கிறதே என்று பிஸ்கட் மேசைப் பக்கம் திரும்பினார். ஒரு பிஸ்கட்டை எடுக்கக் கை நீட்டியவர் அப்படியே நின்றார்.

தட்டுகளுக்கு நடுவில், பாம்பு சுருண்டது போல், ஆரஞ்சு நிறத்தில் அந்தப் பட்டை கிடந்தது.

"டோரீன்." பட்டையைத் தூக்கிப் பிடித்தார். "டோரீன்! இத யாரு எடுத்தது?"

"நான்தான். ஏன்?" அவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "கல்யாணக் கார்ல யாராவது லாரி பெல்ட்டைக் கட்டுவானா? போட்டோவுல அசிங்கமா விழும். ரிப்பன் மட்டும் திரும்பச் சுத்திவிட்டேன். எவ்வளவு கஷ்டப்பட்டு அவுத்தேன் தெரியுமா, நகமே போச்சு."

லெஸ்டர் போனை எடுத்து வேடைக் கூப்பிட்டார். மணி போகவில்லை. 'இப்போது வண்டி ஓட்டுகிறேன், பிறகு பேசுகிறேன்' என்று ஒரு செய்தி வந்து விழுந்தது. ஒழுங்கான பிள்ளை, வண்டியில் ஏறினதும் போனை ஊமையாக்கிவிடுவான். கோராவைக் கூப்பிட்டார். மணி பக்கத்திலேயே கேட்டது. டோரீன் தன் கைப்பையைத் திறந்தாள். "கவுன்ல பை இல்லன்னு எங்கிட்ட கொடுத்தா... லெஸ்டர், உனக்கென்ன ஆச்சு? உன் மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

"வண்டியில ஏறு."

பழைய பிக்கப் வண்டி. பின்னால் சாமான் ஏற்றுகிற இடத்தில் கொத்துக் கரண்டியும் வாளியும் உருண்டன. டோரீன் வெறுங்காலோடு ஏறி உட்கார்ந்தாள். முதல் சிக்னல் வந்தது. சிவப்பு விழுந்தது. அங்கே சொன்னார். கல் தெறிக்கவில்லை. மூடி எழுந்தது. எழுபதில். ஒன்றும் தெரியவில்லை.

டோரீன் திட்டுவாள் என்று காத்திருந்தார். அவள் திட்டவில்லை. பச்சை விழுந்ததைக்கூட அவர் பார்க்கவில்லை.

"போ" என்றாள். "போ லெஸ்டர். பச்சை."

கொஞ்ச தூரம் போனதும், நகம் உடைந்த விரலைப் பார்த்துக்கொண்டே, "நானே அவுத்தேனே" என்றாள். அது திட்டைவிட மோசமாக இருந்தது.

போட்டோ எடுக்கும் இடத்திலேயே பிடித்துவிடலாம், ஹார்லனிடம் வாயைத் திறக்க வேண்டியிருக்காது என்று நினைத்திருந்தார். பூங்கா வந்தது. காலி. புல்லில், மணமக்கள் மேல் தூவிய வண்ணக் காகிதம் மட்டும் கொஞ்சம் கிடந்தது. லெஸ்டர் ஹார்லனைக் கூப்பிட்டார்.

"என்னடா மாமனாரே, அழுது முடிச்சாச்சா?" ஹார்லன் சிரித்தார். பின்னால் இன்ஜின் இரைச்சல், வாக்கி டாக்கியின் கரகரப்பு.

"எங்க இருக்கீங்க?"

"நெடுஞ்சாலையில ஏறுற ஏத்தத்துக்குக் கிட்ட வந்துட்டோம். இன்னும் ஒரு சிக்னல். ஏறினதும் நாங்க ஒதுங்கிடுவோம், பிள்ளைங்க பறக்கட்டும்."

"ஏறவிடாத. நிறுத்து. ஓரம் கட்டச் சொல்லு."

"எதுக்கு?"

"அந்த மூடி திறக்கும். ஏப்ரல்ல எனக்குத் திறந்துச்சு. அந்தப் புகார் எழுதினது நான்தான்."

"நீயா?" என்றார் ஹார்லன். "இது சரியில்லைன்னு எழுதின புண்ணியவான் நீதானா? டேய், சாவிய எங்க வச்சிருந்த?"

"சாவி எங்க இருந்தா என்னடா! என் பொண்ணு உள்ள இருக்கா!"

"ஷோரூம்ல பாத்தாங்கல்ல? சரி பண்ணிட்டாங்கல்ல? கல்யாண நாள்ல பிள்ளைங்கள நடு ரோட்டுல நிறுத்தி..." ஹார்லன் யோசிக்கும்போது வாக்கி டாக்கியின் பொத்தானை அழுத்தியபடியே பேசும் பழக்கம் உள்ளவர். அவர் பேசியதெல்லாம் ஊர்வலம் முழுக்கக் கேட்டிருக்கிறது. கரகரவென்று இன்னொரு குரல் குறுக்கே வந்தது. மார்வின் குரல்.

"ஹார்லன், நிறுத்து."

"நீ சும்மா இரு எலுமிச்சை."

"என்னோடதும் திறந்துச்சு." மார்வ் மூச்சு வாங்கினார். "மார்ச்சுல. வீட்டுத் தெருவுல, மெதுவாத்தான் போனேன், அதனால பொழச்சேன். பொண்டாட்டிக்குக் கூடச் சொல்லல. ஒரு சீட்டு கிறீச்சுன்னதுக்கே இந்தப் பாடு படுத்தினீங்க. வண்டிய நிறுத்து ஹார்லன், உன் கால்ல வேணா விழறேன்."

கரகரப்பு மட்டும். அப்புறம் கூட்டத்தில் எப்போதும் வாய் திறக்காத ஒருவர், "எனக்கும்" என்றார். ஒரே சொல்தான்.

"ஐயோ கடவுளே" என்றார் ஹார்லன். போன் எங்கோ விழுந்தது. இணைப்பு அறுந்துவிட்டது.

அங்கிருந்து ஏற்றம் வரைக்கும் எப்படி ஓட்டினார் என்று லெஸ்டரால் பிறகு சொல்ல முடியவில்லை. டோரீன் டாஷ்போர்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வளைவிலும் மஞ்சளைத் தேடினார். ஒரு மஞ்சள் பலகை, ஒரு பள்ளிக்கூடப் பஸ், வேலியோரம் மஞ்சள் பூ. எதிர்ப்பக்கம் ஆம்புலன்ஸ் ஒன்று போனது. அது யாருக்கோ. அது யாருக்கோதான்.

ஏற்றத்துக்குச் சற்று முன்னால், சாலை ஓரத்தில், கார்கள் கும்பலாக நின்றன. எல்லாவற்றிலும் எச்சரிக்கை விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. ஹார்லன் சிவப்புக் காரைக் குறுக்கே போட்டு மறித்திருந்தார். மார்வின் கார் பின்னால் ஒட்டி நின்றது. நடுவில் மஞ்சள் கார், முன்னால் வெள்ளை ரிப்பன். மூடி மூடித்தான் இருந்தது.

கோரா கவுனை முழங்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். வேட் பக்கத்தில், அவள் மடியிலிருந்து வாங்கிய பெட்டியைக் கையில் பிடித்தபடி.

லெஸ்டர் இறங்கினார். பிக்கப்பின் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"இவங்க சொல்றதெல்லாம் நிஜமாப்பா?" கோரா கேட்டாள்.

"நிஜம்தான் கண்ணு."

"தெரிஞ்சேதான் சாவியக் கொடுத்தியா?"

"பெல்ட் கட்டினேன்..."

"எங்கிட்ட சொல்லல."

"சொல்லல."

"யாருக்குப் பயந்த? அம்மாவுக்கா? இவங்க எலுமிச்சம்பழத்துக்கா?"

"உன் மூஞ்சிக்கு." அதைச் சொல்லும்போது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "அன்னைக்கு எண்ணெய் ஒழுகுதுன்னு சொன்னப்போ ஒரு மாதிரி ஆயிடுச்சே. அதைப் பாக்க முடியல."

"நான் செத்துப் போயிருந்தா அதைப் பாத்திருப்பியா?"

கிழவர்கள் எல்லாரும் தங்கள் தங்கள் கார்களைப் பார்த்துக்கொண்டார்கள். டோரீன் வெறுங்காலோடு சரளைக் கல்லில் நடந்து வந்து, மகளின் தோளில் கை வைத்தாள். கோராவின் கன்னத்தில் மை ஒழுகியிருந்தது.

வேட்தான் மெல்லத் தொண்டையைச் செருமினான். வாடகைக்கு எடுத்த சூட்டின் இறுக்கமான கால்சட்டைப் பையிலிருந்து சாவியைப் பிதுக்கி எடுத்து நீட்டினான். "சார், நாங்க உங்க பிக்கப்புல போறோம். எனக்கு அந்தக் கார்ல காலை நீட்டவே இடமில்ல. சொல்லக் கூச்சமா இருந்துச்சு."

"நீயுமா?" என்றாள் கோரா. அழுகைக்கு நடுவில் ஒரு சிரிப்பு வந்து, அதுவும் அழுகையாகவே முடிந்தது. "இங்க யாராவது ஒருத்தராவது வாயத் திறந்து பேசுவீங்களா?"

மார்வ் குனிந்து தகர டப்பாக்களை அவிழ்த்துப் பிக்கப்பின் பின்னால் கட்டினார். டோரீன், சிமென்ட் தூசி படிந்த சீட்டின் மேல் தன் மேல்கோட்டை விரித்தாள். வேட் பெட்டியை வாளிக்கும் கரண்டிக்கும் நடுவில் வைத்தான். லெஸ்டர் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பிரேக் கொஞ்சம் இடது பக்கம் இழுக்கும், மழையில் வைப்பர் சத்தம் போடும், ரிவர்ஸ் கியர் விழ இரண்டு தடவை அழுத்த வேண்டும் என்று அந்த வண்டியின் குறைகளையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார். அவர் ஒரு வண்டியைப் பற்றி இவ்வளவு குறை சொல்லி யாரும் கேட்டதில்லை. ஹார்லனின் கை பைக்குப் போகவில்லை.

கோரா ஏறப் போனவள் நின்றாள். திரும்பி வந்து, கோபம் தீராத முகத்தோடு, அப்பாவை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். எலும்பு நொறுங்கும்படி, சின்ன வயதில் கட்டிக்கொண்டது போல. அவர் கையைத் தூக்கி அவள் முதுகில் வைத்தார்.

டக்.

சின்னச் சத்தம். அவர் நெஞ்சுக்கும் அவள் நெஞ்சுக்கும் நடுவில், சட்டைப் பையில் இருந்த சாவியின் பொத்தான் அமுங்கியிருந்தது. எல்லாரும் திரும்பினார்கள். மஞ்சள் காரின் மூடி விரல் அகலம் எழும்பி நின்றது. அந்த வெள்ளை ரிப்பன் அதன் மேல் விறைத்துக்கொண்டது.

"பாத்தியா, சாவிதான்" என்றார் யாரோ, அடங்கிய குரலில்.

அந்த நேரம் ஏற்றத்தை நோக்கி ஒரு சரக்கு லாரி விர்ரென்று கடந்தது. அதன் காற்று கவுனை அடித்தது, தொப்பிகளை அடித்தது, மூடிக்குக் கீழே புகுந்தது. பிடிக்க வேண்டிய இரண்டாவது கொக்கி பிடிக்கவில்லை. ரிப்பன் பட்டென்று அறுந்தது. மூடி முழுசாக எழுந்து, பின்னால் சாய்ந்து, கண்ணாடியில் மோதி நின்றது. ஓட்டுநர் சீட்டு, பக்கத்துச் சீட்டு, கோரா சற்று முன்பு உட்கார்ந்திருந்த இடம், எதுவுமே தெரியவில்லை. மஞ்சள் மட்டும்தான்.

கோரா அதைப் பார்த்தாள். நின்று, நன்றாகப் பார்த்தாள். அப்பாவின் சட்டையைப் பிடித்திருந்த கை தளரவில்லை.

"இதையும் எழுதுப்பா" என்றாள்.

பிக்கப் கிளம்பிப் போனது. தகர டப்பாக்கள் ஏற்றம் முழுக்கக் கத்திக்கொண்டே போயின. அந்தச் சத்தம் சாலையின் இரைச்சலில் கலந்து காணாமல் போகும் வரைக்கும் லெஸ்டர் அங்கேயே நின்றார். பிறகு, காரைத் தூக்கிப்போகும் வண்டிக்கு டோரீன் போன் செய்துகொண்டிருந்தபோது, ஹார்லன் பக்கத்தில் வந்து நின்றார். தன் சிவப்புக் காரை ஒரு தரம் பார்த்தார். தொண்டை இறங்கியிருந்தது.

"அது எங்கடா எழுதணும்? எனக்கு டைப் அடிக்க வராது."

லெஸ்டர் தன் சுட்டுவிரலை நீட்டிக் காட்டினார்.

"இது ஒண்ணு போதும்."